யாரும் பொய் சொல்லவில்லை, ஆயினும் ஏமாந்தோம்

பெரிய நடிகர் ஒருவரின் படம் வருகிறது என்றால், அது வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் பெயர் ஊரெல்லாம் அடிபடத் தொடங்கிவிடுகிறது. முதலில் ஒரு சுவரொட்டி. பின்பு ஒரு பாட்டு. அதன்பின் இரண்டு நிமிட முன்னோட்டம். அதைத் தொடர்ந்து தொலைக்காட்சியில் பேட்டி. படம் திரையிடப்படும் நாளில் விடியுமுன்னரே திரையரங்கு வாசலில் இளைஞர் கூட்டம். அன்று மாலைக்குள், "இதற்குத்தானா இவ்வளவு ஆரவாரமும்?" என்ற பேச்சு. தமிழ்ச் சினிமாவை அறிந்தவர்களுக்கு இது புதிய காட்சியன்று.

இவ்வளவு சிறிய ஏமாற்றத்தை ஓர் ஒழுக்கப் பிரச்சினையாக எடுத்துப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். உலகில் இதைவிடப் பெரிய ஏமாற்றங்கள் இல்லையா? உண்டு. ஆயினும், பெரிய ஏமாற்றங்கள் நிகழும் விதத்தை விளங்கிக்கொள்வதற்குச் சிறிய ஒன்றை எடுத்துப் பார்ப்பது எளிது. மனம் கொதிக்காத இடத்தில் நிதானமாகச் சிந்திக்க முடியும். அத்துடன், தமிழ்நாட்டில் எடுக்கப்படும் இப்படங்கள் நம் வீடுகளுக்குள்ளும் வருகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் பார்க்கிறார்கள். அவற்றின் பாட்டுக்களைப் பாடுகிறார்கள். அவற்றைப் பற்றி வாதாடுகிறார்கள். ஆகவே, கேள்வியைத் தெளிவாகக் கேட்போம். ஒருவர்மீது எல்லையற்ற எதிர்பார்ப்பை வளர்த்து, பின்பு அது நிறைவேறாமற் போனால், அந்தக் கடன் யாரைச் சேர்ந்தது?

ஓர் உதாரணம்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆந் திகதி, சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள், நடிகர் விஜய் நடித்த 'பீஸ்ட்' திரைக்கு வந்தது. தயாரித்தது சன் பிக்சர்ஸ் நிறுவனம். இயக்கியவர் நெல்சன் திலீப்குமார். சண்டையும் நகைச்சுவையும் கலந்த படம் என்றே அது அறிமுகப்படுத்தப்பட்டது.

எதிர்பார்ப்பு வெறுங்காற்றில் எழவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே இயக்குநரின் 'டாக்டர்' 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்து, கொரோனாக் காலத்தில் வெறிச்சோடிக் கிடந்த திரையரங்குகளுக்குக் குடும்பங்களை மீண்டும் அழைத்துவந்த படங்களுள் ஒன்றாக விளங்கியது. அதற்கு முன், 2018இல், அவர் எடுத்த 'கோலமாவு கோகிலா'வும் பாராட்டுப் பெற்றிருந்தது. சிரிக்க வைக்கத் தெரிந்த இயக்குநர், மக்கள் மிக விரும்பும் நடிகர், அனிருத்தின் இசை. 2022 பெப்ரவரி 14ஆந் திகதி வெளிவந்த 'அரபிக் குத்து' என்ற பாட்டு ஒலிக்காத கலியாண வீடு இல்லையென்னும் அளவுக்குப் பரவியது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பேட்டி கொடாதிருந்த விஜய், இப்படத்துக்காக ஒரு பேட்டியும் கொடுத்தார். ஆக, எதிர்பார்ப்பதற்குக் காரணம் இருந்தது.

படம் வந்தது. முதல் நாட்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பார்த்தவர்களிற் பலர் மனம் சோர்ந்து வெளியே வந்தார்கள். மறுநாளே கன்னடத்திலிருந்து வந்த 'கே.ஜி.எப்.' இரண்டாம் பாகம் தமிழ்நாட்டிலும் பெரு வரவேற்புப் பெற, ஒப்பீட்டுப் பேச்சும் கேலியும் பெருகின.

சிரிப்பும் பயமும்

குறை எங்கே இருந்தது? இதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில், "படம் சரியில்லை" என்ற சொல் தீர்ப்பாக இருக்கலாம், விளக்கமாகாது.

சண்டையும் நகைச்சுவையும் சேர்ந்த கதைக்கு அடிப்படை பயம். ஆபத்து மெய்யாக இருக்கவேண்டும். அதன் நடுவே அகப்பட்டவன் நம்மைப்போல் நடுங்குகிறவனாக இருக்கவேண்டும். அவன் தப்பிக்கத் தடுமாறும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. தப்பிவிட்டால் நிம்மதி வருகிறது. 'டாக்டர்' படத்தில் கடத்தப்பட்ட ஒரு சிறுமியை மீட்கச் சாதாரணக் குடும்பத்தார் சிலர் கொடியவர்களின் நடுவே இழுத்துச் செல்லப்படுகிறார்கள். அவர்களுடைய பயமே அங்கே நகைச்சுவை. கதாநாயகன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நிற்கிறான்; மற்றவர்கள் அவனைப் பார்த்து மேலும் பதறுகிறார்கள்.

நட்சத்திர நடிகர்களுக்கு இது வராது என்பதும் இல்லை. 1981ஆம் ஆண்டு கே. பாலச்சந்தர் இயக்கிய 'தில்லுமுல்லு' படத்தில் ரஜினிகாந்த் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு பொய்யைச் சொல்லி, அதைக் காப்பாற்ற மீசையில்லாத தம்பி ஒருவனையும் கற்பித்து, மேலும் மேலும் சிக்கிக்கொள்ளும் மனிதராக வருகிறார். தலைமுறைகள் கடந்தும் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அங்கே அவர் தோற்றுப்போகக்கூடியவர். அதனாலேயே நமக்கு நெருக்கமானவர்.

'பீஸ்ட்' கதையில் பயங்கரவாதிகள் சென்னையில் ஒரு பெரும் வணிக வளாகத்தைக் கைப்பற்றி, உள்ளே இருந்தவர்களைப் பணயம் வைக்கிறார்கள். முன்னாள் உளவுத்துறை வீரன் ஒருவனும் அங்கே இருக்கிறான். முன்பு தன் கடமையின்போது ஒரு குழந்தை இறந்துபோனதால் மனம் உடைந்து வேலையை விட்டவன் அவன். எவ்வளவு நல்ல தொடக்கம்! ஆனால் அந்த உடைந்த மனம் விரைவில் மறக்கப்படுகிறது. எதிரிகள் எத்தனை பேர் வந்தாலும் அவனுக்கு ஒரு கீறலும் விழாது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பணயக் கைதிகளுக்கும் அது தெரிந்ததுபோலவே தோன்றுகிறது. இறுதியில் அவன் போர் விமானத்தையே ஓட்டி எல்லை தாண்டிப் போய்த் திரும்புகிறான். பயம் போனதும் சிரிப்பும் போயிற்று.

நட்சத்திரத்தைத் தோற்கவிடக்கூடாது என்ற கட்டாயம் இதற்கு ஒரு பெருங் காரணம் எனலாம். அந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். அவர் தலைகுனிவதை நாம் பொறுக்கமாட்டோம் என்று அவர்கள் அறிந்திருக்கிறார்கள். இதைப் பின்னர் பார்ப்போம்.

வாங்குமுன் பார்க்க முடியாத பொருள்

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் அதைப் புரட்டிப் பார்க்கிறார். சேலை வாங்குகிறவர் தொட்டுப் பார்க்கிறார். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். திரைப்படத்துக்கு அப்படி ஒரு வழியில்லை. பணத்தை முதலிற் கொடுக்கிறோம். பொருளைப் பின்பு காண்கிறோம். கண்டபின் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே இந்த வியாபாரத்தில் நாம் நம்பி வாங்குவதெல்லாம் சொல்லை மட்டுமே. பொருளைப் பார்க்க முடியாத இடத்தில் சொல்லுக்குப் பாரம் கூடுகிறது.

விற்பவன் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்வி மிகப் பழையது. உரோமையரான சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வியாபாரியின் கதையை எடுத்து ஆராய்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்துடன் வந்து சேருகிறான். தனக்குப் பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை அவன் வழியிற் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்லாவிட்டால் நல்ல விலை கிடைக்கும். அவன் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், மௌனமாய் இருப்பது ஏமாற்றுவதாகாது என்று தியோஜெனஸ் என்ற ஞானி வாதிக்கிறார். அவருடைய மாணவரான அந்திபாத்தரோ, வாங்குகிறவனுக்கு ஒன்றையும் மறைக்கலாகாது என்கிறார். சிசரோ மறைக்கக்கூடாது என்ற பக்கமே சாய்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதே தானியக் கதையை எடுத்து, சற்று வேறாகப் பிரித்தார். பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நட்டமோ ஆபத்தோ வருமாயின், விற்பவன் அதைச் சொல்லவே வேண்டும். ஆனால் பின்னால் வரப்போகும் கப்பல்களைப் பற்றிச் சொல்லாத வியாபாரி நீதிக்கு மாறாக நடந்தான் என்று கூறமுடியாது. சொல்லியிருப்பானாகில் அது மேலான நற்பண்பு. நீதி கேட்கும் குறைந்த அளவையும், நல்ல மனம் தானாகக் கொடுக்கும் கூடிய அளவையும் அவர் கவனமாக வேறுபடுத்தினார்.

இந்த அளவுகோலைத் திரைப்படத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். தயாரித்தவர்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், நாம் பார்க்கவில்லை. குறை இருந்தால் அது அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவ்வாறாயின் அவர்கள் சொல்லியிருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் சிக்கல். கத்தரிக்காயில் புழு இருப்பது வியாபாரிக்குத் தெரியும். படத்தில் உயிர் இல்லாதது அதை எடுத்தவர்களுக்கே பல வேளைகளில் தெரிவதில்லை. மாதக்கணக்கில் ஒரே காட்சியைப் பார்த்துப் பார்த்து, அது சிரிக்க வைக்குமா இல்லையா என்று அறியும் திறன் அவர்களுக்கு மழுங்கிப்போகலாம். "மக்கள் விரும்புவார்கள்" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் நம்பிக்கையே, பொய்யன்று.

முன்னோட்டம் பொய்யா? அதிலுள்ள காட்சிகள் படத்திலும் உள்ளவையே. பாட்டுப் பொய்யா? அது நல்ல பாட்டுத்தான். நடிகர் பேட்டி கொடுத்தது பொய்யா? இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய வாக்குறுதி எழுந்து நிற்கிறது. வாய் திறந்து கொடுத்தவர் ஒருவரும் இல்லை; ஆனால் பெற்றுக்கொண்டவர் இலட்சக்கணக்கானோர். இக்கால ஏமாற்றங்களிற் பல இவ்வகையினவே. குற்றவாளியைத் தேடிப் போனால் கைக்கு யாரும் அகப்படுவதில்லை.

நட்டத்தை யார் ஏற்பது?

இவ்விடத்தில் நினைவுகூரத்தக்க ஒரு செயல் உண்டு. 2002ஆம் ஆண்டு ரஜினிகாந்த் தாமே கதை எழுதித் தயாரித்து நடித்த 'பாபா' பெரும் எதிர்பார்ப்புடன் வந்து தோல்வி கண்டது. நட்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எந்த ஒப்பந்தமும் அவரைக் கட்டாயப்படுத்தியதாக நாம் எண்ணவேண்டியதில்லை. நீதி கேட்ட அளவுக்கு மேலே போய்க் கொடுத்தார் என்பதே மக்கள் பேச்சு. அதற்காக அவர் இன்றும் மதிக்கப்படுகிறார்.

ஆனால் ஒரு முறை காட்டிய பெருந்தன்மை அடுத்த முறை உரிமையாகக் கேட்கப்படும். 2014 டிசெம்பரில் அவர் நடித்த 'லிங்கா' வந்து எதிர்பார்த்தபடி ஓடாதபோது, விநியோகஸ்தர் சிலர் இழப்பீடு கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமா? இலாபம் வந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்களா என்று கேட்போரும் உண்டு. வியாபாரத்தில் இலாபம் தனக்கு, நட்டம் பிறர்க்கு என்று சொல்ல இயலாது. எனினும், படத்தைப் பாராமலே நட்சத்திரத்தின் பெயருக்காக அளவுக்கு மீறிய விலை கொடுத்து வாங்கும் ஒரு முறை இருக்கும்வரை, இந்த வழக்கு ஓயப்போவதில்லை. விலை ஏறியது எதிர்பார்ப்பினால்; எதிர்பார்ப்பு ஏறியது விளம்பரத்தினால்.

இந்த வழக்கிலெல்லாம் ஒருவர் மட்டும் பேசப்படவே இல்லை. அவர் நுழைவுச்சீட்டு வாங்கிய சாதாரண மனிதர். மனைவி பிள்ளைகளோடு போய், நாட்கூலியின் ஒரு பங்கைக் கொடுத்து, அரை மனதோடு திரும்பி வந்த அவருக்கு யார் இழப்பீடு கொடுப்பது? பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கலைக்கு அப்படி ஓர் உத்தரவாதம் கேட்பதும் தவறு. உத்தரவாதம் கேட்டால் எவரும் புதிதாக ஒன்றையும் முயலமாட்டார்கள். தெரிந்த பண்டத்தையே திரும்பத் திரும்பப் பரிமாறுவார்கள். அவருக்குக் கொடுக்கக்கூடிய ஒன்று உண்டு. அடுத்தமுறை அளவோடு பேசுவதே அது. விற்பவர்கள் அவருக்குப் பட்டிருக்கும் கடன் அதுவே.

நாமும் பங்காளிகள்

விற்பவர்களைப் பற்றிப் பேசினோம். வாங்குகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

இன்றைய விளம்பரத்தின் பெரும்பகுதியைப் பணம் பெறாமலே செய்பவன் ரசிகன். முன்னோட்டத்தை இருபது முறை பார்த்து எண்ணிக்கையை ஏற்றுகிறவன் அவன். மரத்தட்டி உருவத்துக்குப் பால் ஊற்றுகிறவன் அவன். படத்தைப் பற்றி ஐயம் எழுப்பியவரோடு சண்டைக்குப் போகிறவன் அவன். அந்தப் பெரிய வாக்குறுதியின் ஒரு பாதியைக் கட்டி எழுப்பியவன் அவனே. கதாநாயகனுக்கு ஒரு கீறலும் விழக்கூடாது என்ற கட்டளையையும் அவனே பிறப்பித்தான். ஆகவே ஏமாற்றியவரைத் தேடும்போது, கூட்டத்தின் நடுவே நம் முகமும் தெரிகிறது.

இதன் விலை சில வேளைகளில் பணத்தோடு நிற்பதில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி அஜித்தின் 'துணிவு' வெளியான அதிகாலையில், சென்னையில் ஒரு திரையரங்கின் அருகே கொண்டாட்டத்தின்போது, ஓடிக்கொண்டிருந்த லொறியிலிருந்து குதித்த இளைஞன் ஒருவன் உயிரிழந்தான். பத்தொன்பது வயது. அதே ஆண்டு ஒக்டோபரில் விஜய்யின் 'லியோ' வந்தபோது, காலை 9 மணிக்கு முன் காட்சி நடத்தத் தமிழ்நாட்டு அரசு அனுமதி கொடுக்கவில்லை. மகனை இழந்த ஒரு வீட்டுக்கு, அந்தப் படம் நன்றாக இருந்ததா இல்லையா என்ற பேச்சினால் என்ன பயன்?

வேறொரு இழப்பும் உண்டு. அது வெளியே தெரியாது. முதற் காட்சி முடிந்து வெளியே வரும் இளைஞனிடம் ஒலிவாங்கியை நீட்டி, "படம் எப்படி?" என்று கேட்கிறார்கள். அவன் உள்ளே இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தவன். பக்கத்தில் இருந்தவன் கொட்டாவி விட்டதையும் கண்டவன். ஆனால் கையை உயர்த்தி, "சூப்பர்!" என்று கத்துகிறான். அவனுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. இத்தனை நாளாகக் கட்டிய கோட்டை இடிந்தது என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவே. கண்டதைக் கண்டபடி சொல்லும் பழக்கம் அவனிடம் ஒரு நூலிழை அறுந்துபோகிறது. சினிமாவில் அறுந்தது நாளை அரசியலிலும், தொழிலிலும், குடும்பத்திலும் அறுந்தே கிடக்கும். விசுவாசமாய் இருப்பது என்றால் உண்மையை விழுங்கிவிடுவது என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான்.

விசுவாசத்துக்கு அது பொருளன்று. தன் மகன் பரீட்சையில் கெட்டிக்காரத்தனமாக எழுதவில்லை என்று ஒரு தாய் சொல்வதால், அவள் அவனை நேசிக்கவில்லை என்று ஆகிவிடாது. நேசிக்கிறவர்களே குறையைச் சொல்லும் உரிமை உள்ளவர்கள். ஒரு நடிகரை உண்மையில் விரும்புகிறவன், "அண்ணா, இம்முறை எங்களைச் சிரிக்க வைக்கவில்லை" என்று சொல்லக்கூடியவனாக இருக்கவேண்டும்.

ஏமாற்றத்திலும் நீதி வேண்டும்

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. புகழ்ச்சியில் அளவு தெரியாதவர்கள் இகழ்ச்சியிலும் அளவு தெரியாதவர்களே. 'பீஸ்ட்' வந்தபின் அதன் இயக்குநர்மீது பொழியப்பட்ட ஏளனம் கொஞ்சமன்று. அவருக்கு இனிமேல் பெரிய படம் கிடைக்குமா என்றுகூடப் பேசினார்கள். பதினாறு மாதங்கள் கழித்து, 2023 ஓகஸ்ட் 10ஆந் திகதி, ரஜினிகாந்தை வைத்து அவர் எடுத்த 'ஜெயிலர்' வந்தது. பெரு வெற்றி பெற்றது. ஏசிய வாய்களே வாழ்த்தின. ஆள் ஒருவரே. 2022இல் அவர் ஒன்றும் தெரியாதவராக இருந்ததுமில்லை. 2023இல் மந்திரவாதியாக மாறியதுமில்லை. ஒரு வேலை சரிவரவில்லை, மறு வேலை சரிவந்தது. தச்சனுக்கும் மேசனுக்கும் நேர்வதே அவருக்கும் நேர்ந்தது.

ஒரு படைப்பைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதைச் செய்தவரை மிதிப்பதற்கு ஒரு நுழைவுச்சீட்டின் விலை நமக்கு உரிமை தராது.

ஆக, கடன் யாருடையது என்ற கேள்விக்கு நாம் காணும் பதில் இதுவே: அது பங்கிடப்பட்ட கடன். சொல்லின் பாரத்தை அறிந்து அளவோடு பேசுவது விற்பவர்களின் பங்கு. தோற்கக்கூடிய மனிதனாகத் திரையில் நிற்கத் துணிவது நடிகரின் பங்கு. எதிர்பார்ப்பை அளவோடு வைத்து, பார்த்தபின் கண்டதைச் சொல்வது நம்முடைய பங்கு. மற்றவர்களின் பங்கை நாம் வசூலிக்க முடியாது. நம்முடையதைக் கொடுக்க முடியும்.

இதைப் பிள்ளைகளுக்குப் பழக்கப் பெரிய பிரசங்கம் தேவையில்லை. "இந்தச் சினிமாவுக்கெல்லாம் ஏன் அலைகிறாய்?" என்று ஏசினால், பிள்ளை தன் நடிகரைக் காக்கவே வாதாடுவான், தன் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டான். படம் பார்த்துவிட்டு வந்தவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, "எந்த இடத்தில் தம்பி சிரித்தாய்? எந்த இடத்தில் பயந்தாய்?" என்று அமைதியாகக் கேளுங்கள். அவன் சற்று யோசிப்பான். ஓர் இடத்தைச் சொல்வான். அல்லது ஓர் இடமும் நினைவில் இல்லையென்று உணர்வான். எவரும் சொல்லிக் கொடுக்காமல், எவருக்கும் பயப்படாமல், தான் கண்டதைத் தானே சொல்லும் முதல் வார்த்தை அப்பொழுது அவன் வாயிலிருந்து வரும். கொடுத்த காசுக்கு அதுவாவது மிஞ்சட்டும்.